எழுத்து வரைந்த வாத்தியார்



இன்ஜினியரிங் டிராயிங்கில் நாம் முதலில் படித்தது லெட்டரிங். 10 மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு, பி வகையில் கோட்டின் தடிமன் 1 மில்லிமீட்டர். ஏ வகையில் உயரத்தில் 14-இல் ஒரு பங்கு. "இதெல்லாம் எதுக்குப்பா, கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்திடுமே?" என்று கேட்காதவர் நம்மில் யார்? சரி, அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுத்தைப் போட்டுக் கொடுத்தது யார்? அதைத் தேடியபோதுதான் பேராசிரியர் ஆர்.கே. ஜோஷியைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

யார் இவர்?

ரகுநாத் கிருஷ்ண ஜோஷி 1936-இல் பிறந்தவர். தாய்மொழி மராத்தி, அந்த மொழியில் கவிஞரும்கூட. மும்பையில் சர் ஜே.ஜே. நிறுவனத்தில் கலை பயின்று, விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1983 முதல் 1996 வரை மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியர். அதன் பிறகும் சும்மா உட்காரவில்லை. மத்திய அரசின் என்.சி.எஸ்.டி. என்ற மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, இந்திய மொழிகளுக்குக் கணினி எழுத்துருக்களை உருவாக்கினார். 2008 பிப்ரவரியில் காலமானார்.

விண்டோஸ் 2000-உடன் வந்த இந்தி 'மங்கள்', தமிழ் 'லதா' இரண்டும் இவர் தலைமையில் உருவானவை. விண்டோஸ் 8-இல் 'நிர்மலா' வரும்வரை, விண்டோஸில் யூனிகோடு தமிழ் என்றால் பெரும்பாலும் லதாதான்!

தமிழில் என்ன கஷ்டம்?

நம் எழுத்து 247. கா, கி, கெ போன்றவற்றுக்குக் குறியை ஒட்டினால் போதும். ஆனால் கு, சு, து, மு எப்படி இருக்கிறதென்று பாருங்கள். ஒன்றுக்குப் போட்ட வளைவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. 18 மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்களைத் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். 'கொ' இன்னும் வேடிக்கை. கணினிக்குள் இரண்டே குறியீடு. திரையிலோ முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால் என மூன்று துண்டு! 1978-இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. அதனால் ணா, லை போன்றவை சுலபமாயின. உகர வரிசை மட்டும் அப்படியே நின்றது.

இன்னொன்று. மராத்தி எழுதும் தேவநாகரியில் எழுத்துகள் தலைக்கோட்டிலிருந்து தொங்கும். பட்டை முனைப் பேனாவால் தடித்தும் மெலிந்தும் வரும். ஓலையில் எழுத்தாணியால் வளர்ந்த நம் எழுத்துக்குத் தலைக்கோடும் இல்லை, தடிப்பு மெலிவும் இல்லை. லதாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நம் டிராயிங் ஷீட்டில் போடுவதுபோல் கோடு ஏறக்குறைய ஒரே சீராக ஓடும். ஒரு மொழிக்கு எழுத்து வரைய, அந்த மொழியின் கைப்பழக்கத்தைக் கவனிக்க வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

நமக்கு என்ன வேலை?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். பிரஷ்ஷால் எழுதின போர்டுகளை ஒவ்வொன்றாகப் பிளெக்ஸ் விழுங்கிக்கொண்டிருக்கிறது. பால்கோவா கடைப் பலகையின் 'பா'வும், லாரி முகப்பின் 'ஸ்ரீ'யும் நம்ம ஊர்க் கை எழுதியவை. எழுதும் அண்ணன்மார் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டால், அந்த வடிவங்களும் அவர்களோடு போய்விடும்.

கைவேலையும் கணினியும் பகை இல்லை என்று காட்டியவர் ஜோஷி. பிரஷ் பிடித்த அண்ணன்களிடம் கண் இருக்கிறது. நம்மிடம் அளவு இருக்கிறது. ஆளுக்கு ஒரு போர்டு எடுப்போம். அழிவதற்குள் படம் பிடித்து, உயரம், அகலம், கோட்டின் தடிமன் குறித்து, எழுதியவரிடமே "அண்ணே, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டு வைப்போம். நாளைக்கு நம்மில் ஒருவர் தமிழுக்கு ஒரு புது எழுத்துரு செய்ய உட்கார்ந்தால், இதுதான் முதல் டிராயிங் ஷீட்!