ஜீப்பில் பண்ணை ஜாக்கி வேண்டுமா?

மழைக்காலம் பிறந்துவிட்டால் கிராம வழிகளில் வாகனம் சேற்றில் புதைவது புதுமையன்று. கரிசல் நிலத்திலும், ஏரிக்கரை ஓரங்களிலும், மலைக் கிராமங்களுக்கு ஏறும் மண்பாதைகளிலும் இத்தொல்லையை அறியாத ஓட்டுநர் இரார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்ற காலம் முதல், வட்டார அலுவலகம் என்றதும் மக்கள் மனத்தில் தோன்றும் உருவம் ஜீப்பேயாகும். இன்றோ ஊராட்சித் தலைவர்களும் தோட்டக்காரர்களும் கூட நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வாகனங்களை வைத்திருக்கின்றனர். அவற்றுள் சிலவற்றின் பின்புறத்தில் நெடிய இரும்புச் சாதனம் ஒன்று மாட்டப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இதுவே பண்ணை ஜாக்கி. நாமும் ஒன்று வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளலாமா என்று உறுப்பினர்கள் வினவுகின்றனர். ஆராய்ந்து விடை கூறவேண்டிய வினா இது. இக்கருவி கைகால்களுக்குச் சேதம் விளைவிக்க வல்லது.

இது பிறந்த இடம் அமெரிக்க நாட்டுப் பண்ணைகள். இண்டியானா மாநிலத்துப் புளூம்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1905-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு வந்த ‘ஹை-லிப்ட்’ என்பதே இவ்வகையில் பேர் பெற்றது. வேலிக் கம்பங்களையும் மரத்தூர்களையும் பிடுங்கவும், பண்ணைக் கருவிகளைத் தூக்கவும் அங்குள்ள விவசாயிகள் இதனைக் கையாண்டனர். துளைகள் வரிசையாக இடப்பெற்ற எஃகுச் சட்டம் ஒன்று. அடியில் சிறு தட்டு. பக்கத்தில் நீண்ட கைப்பிடி. கைப்பிடியை ஏற்றி இறக்கும்போது இரண்டு ஊசிகள் மாறி மாறித் துளைகளில் புகுந்து, பனையேறி கையும் காலும் மாற்றிப் பற்றி ஏறுவது போல், சுமையோடு மேலேறும். நான்கடிக் கருவியின் எடை ஏறக்குறைய 13 கிலோ.

இனி, வண்டியை எங்கே பிடித்துத் தூக்குகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரண எண்ணெய் ஜாக்கியை அச்சின் கீழ் வைக்கிறோம். அச்சு எழுந்தால் சக்கரமும் உடனே எழும். பண்ணை ஜாக்கியோ பம்பரைப் பிடித்து உடலைத் தூக்குவது. உடல் எழும்போது வில்பட்டைகள் தளர்ந்து நீள்கின்றன. அச்சும் சக்கரமும் சேற்றிலேயே கிடக்கின்றன. பட்டைகள் முற்றிலும் நீண்ட பின்னரே சக்கரம் தரையை விட்டு நீங்கும். அதற்குள் வண்டி வெகு உயரம் எழுந்து, ஒற்றைச் சட்டத்தின் மீது ஊசலாடும் நிலையை அடைகிறது. பஞ்சரான சக்கரத்தை மாற்ற இத்தனை உயரம் எதற்கு?

அடித்தட்டின் அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். அது 4 அங்குல அகலமும் 7 அங்குல நீளமும் கொண்டது. சுமார் 180 சதுர செண்டிமீட்டர். அதன் மீது 500 கிலோ சுமை ஏறினால் சதுர செண்டிமீட்டருக்கு 2¾ கிலோ அழுத்தம் உண்டாகிறது. மென்மையான ஈரக் களிமண் பத்திரமாகத் தாங்குவது அரை முதல் ஒரு கிலோ வரையே. ஆகவே வண்டி எழுவதற்குப் பதிலாக ஜாக்கி இறங்கும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், இரண்டு அங்குலக் கனம் உள்ள பலகையை அடியில் இட்டால் அழுத்தம் அரைக் கிலோவுக்கும் குறைந்துவிடும். பலகையின்றி இக்கருவியைச் சுமந்து திரிவது வீண் பாரமே.

கைப்பிடியின் அபாயம் இன்னும் பெரிது. தூக்கும்போது ஊசி துளையில் பதியுமுன் கை நழுவினால், கைப்பிடி மேல்நோக்கிப் பாய்ந்து முகத்தையோ தாடையையோ தாக்கும். இறக்கும்போது பாரம் முழுவதும் கைப்பிடியைத் தள்ளுகிறது. கையை விட்டால் அது தானாகவே மேலும் கீழும் அடித்துக்கொண்டு வண்டியை இறக்கிவிடும். சுமை 70 கிலோவுக்குக் குறைவானால் படிப்படியாக இறங்காமல் ஒரேயடியாகச் சரிந்துவிடுவதும் உண்டு. எனவே தலையைக் கைப்பிடியின் பாதைக்குப் புறம்பே வைத்து, இரு கைகளாலும் பற்றி இயக்க வேண்டும். வேலை நின்றதும் கைப்பிடியைச் சட்டத்தோடு நிமிர்த்தி நிறுத்த வேண்டும். வண்டியின் அடியில் எவரும் புகலாகாது. உதவிக்கு ஓடிவரும் இளைஞர்களை இவ்விஷயத்தில் கண்டிப்புடன் விலக்க வேண்டும்.

பழைய ஜீப்புகளில் தட்டையான எஃகுப் பம்பர் இருந்தது. ஜாக்கியின் நாக்கு அதில் நன்கு பொருந்திற்று. இக்காலத்து வாகனங்கள் பெரும்பாலானவற்றின் முகப்பு பிளாஸ்டிக்கால் ஆனது. அதில் இதனை மாட்டினால் முகப்பே பெயரும். பட்டறையில் சொல்லி இரும்புக் கம்பி வளையத்தைப் பொருத்திக்கொள்ளலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். இத்தகைய முன்தடுப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானவை என்று 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவித்துள்ளது.

அப்படியானால் இது பயனற்றதா? இல்லை, தோட்டத்தில் இதற்கு நல்ல வேலை உண்டு. சாய்ந்துபோன வேலிக் கற்கால்களைச் சங்கிலி கட்டிப் பிடுங்கவும், வெட்டிய மரத்தின் தூரை அசைக்கவும், டிரெய்லரின் முகப்பை உயர்த்தவும் இது தக்கது. ஆழ்ந்த வண்டித் தடத்தில் சக்கரம் இறங்கி, வயிறு மண்ணில் தட்டி நிற்கும் வேளையில், சக்கரத்தைத் தூக்கி அடியில் கல்லடுக்க இதைப்போன்ற சாதனம் வேறில்லை. அச்சையும் சேஸையும் வடத்தால் இறுகக் கட்டிவிட்டால் சக்கரமும் உடலோடு சேர்ந்து எழும்.

எனது யோசனை இதுவே. எஃகுப் பம்பர் உள்ள பழைய ஜீப்பில், பழகிய ஓட்டுநர் ஒருவரும் துணைக்கு ஒருவரும் மலைப்பாதையில் தனித்துச் செல்வதானால், இதனை எடுத்துச் செல்லலாம். ஏனையோருக்கு எண்ணெய் ஜாக்கி, இரண்டு பலகைகள், மண்வெட்டி, வடக்கயிறு, சக்கரத்திற்கு முட்டுக்கட்டை ஆகியவை போதும். அச்சு மண்ணில் படிந்து ஜாக்கிக்கு இடமில்லை எனில் மண்வெட்டி இடம் செய்து தரும். அதற்குச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவே. அழகுக்காக வண்டியின் வெளியே தொங்கவிடப்படும் ஜாக்கி மழையிலும் புழுதியிலும் ஊசிகள் இறுகி, தேவைப்படும் நாளில் அசையாது நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வைத்திருப்போர் மாதம் ஒருமுறை சேற்றைக் கழுவி, ஊசிகளுக்கு மெல்லிய எண்ணெய் இட்டு, சமதரையில் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.