பொறுமையும் சாட்சியும்
(செம்மங்குப்பம் வட்டார மக்களிடம் கற்கும் பாடம்)



அன்புக்கொடி மக்கள் அடிக்கடி சொல்லும் சொல் பொறுமை. அய்யா வைகுண்டரைப் பிடித்துக் கொண்டுபோகத் திருவிதாங்கூர் அரசின் படை வந்தபோது, கூடியிருந்தவர்கள் எதிர்த்து நிற்கத் தயாராக இருந்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லித் தாமே முன்சென்றார். சிங்காரத்தோப்புச் சிறையையும் ஏற்றார். இதைத் தாங்கல்களில் கேட்டு வளர்ந்தவர்களில் பலர், பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த அரசின் அநியாய வரிகளையும் ஊழிய வேலையையும் அய்யா ஏன் வெளிப்படையாகக் கண்டித்தார்? வாய்மூடியிருந்தவராக இருந்தால் சிறைக்குப் போகவே வேண்டியிருந்திருக்காதே.

சிறையிலிருந்து திரும்பியபின் அய்யா செய்ததையும் சேர்த்து நினைக்க வேண்டும். எழுநூறு குடும்பங்கள் துவையல் தவத்திற்குப் போயின. நாள்தோறும் மும்முறை நீராடல், துணி துவைத்தல், கடல்நீரில் வேகவைத்த அரிசியும் பயறும் ஒருவேளை உணவு. கேட்பதற்கு எளிதான காரியம். மாதக்கணக்கில் தவறாமல் செய்வது எளிதன்று. அய்யா காட்டிய பொறுமை இப்படிப்பட்டது: ஒரு சிறு செயலைப் பலர் கூடி, நாள் தவறாமல் செய்வது.

இந்தப் பொறுமை நம் காலத்தில் எப்படி இருக்கும் என்று அறியத் தெற்கேயிருந்து வடக்கே கடலூர் வரை போக வேண்டியிருக்கிறது. அங்கே நடந்தது அய்யாவழி மக்கள் நடத்திய பணி அன்று. ஆனாலும் நம் தாங்கல்களில் படிக்கத் தக்கது.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் வரிசையாக ஊர்கள்: பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு, குடிகாடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம். செம்மங்குப்பம் என்ற பெயரை 2025 ஜூலை 8 அன்று தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்த துயரம் அது. அந்த ஊரும் அக்கம்பக்கத்து ஊர்களும் அதற்கு முன்பே, பல ஆண்டுகளாக வேறொரு துன்பத்தைச் சுமந்து வந்தவை.

1980களில் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையே உள்ள நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பூச்சிமருந்து, மருந்துக்கு வேண்டிய மூலப்பொருள்கள், சாயப் பொருள்கள், பிளாஸ்டிக் தொழிலுக்கான இரசாயனங்கள் என்று பலவகை ஆலைகள். வேலை வரும் என்று மக்கள் மகிழ்ந்ததும் உண்மை. ஓரளவு வேலை வந்ததும் உண்மை, பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியாக. கூடவே கிணற்று நீர் கெட்டது. சில ஊர்களில் குடிநீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய நிலை வந்தது. உப்பனாற்றில் வலை வீசிப் பிழைத்தவர்களுக்கு மீன்பாடு குறைந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நாற்றம். அழுகிய முட்டை போல ஒரு நாள், பிணவாடை போல ஒரு நாள், பழ வாசனை போல இனித்து, பிறகு தலையைச் சுற்ற வைப்பதாக ஒரு நாள். பெரும்பாலும் இரவில். கண் எரியும், தொண்டை அடைக்கும், குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. நாற்றம் நிற்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஊரை மூச்சுமுட்ட வைத்த காற்று, காலையில் மனுவோடு போகும்போது இருப்பதில்லை. அதிகாரி வந்து நிற்கும் நேரம் கடற்காற்று வீசி எல்லாம் தெளிவாக இருக்கும். "எங்கே நாற்றம்? என்ன ஆதாரம்?" என்று கேட்டால் ஏழையிடம் என்ன பதில் இருக்கும்? பட்டவர் சொல்லே ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் கச்சேரிகளில் அன்றும் இல்லை, இன்றும் அரிது.

2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று இந்த ஊர்களின் குறைகளைக் கேட்டு அறிக்கை தந்தது. மக்கள் சொன்னதை ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டதே பெரிய காரியம். ஆனால் அறிக்கை வந்த பிறகும் நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. அந்த இடத்தில்தான், 2004இல், ஊர்க்காரர்கள் சிலர் தாங்களே கண்காணிப்பாளர்களாக ஆனார்கள். சென்னையிலிருந்து வந்த சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் துணை நின்றனர். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

அவர்கள் முதலில் கற்றது மூக்கை நம்புவதற்கு. வாடை வந்தால் "நாறுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம். அதை மாற்றி, வாடை வந்த தேதி, மணி, நின்ற இடம், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எதைப் போன்ற வாடை, எவ்வளவு கடுமை, உடம்புக்கு என்ன செய்தது, காற்று வரும் பக்கத்தில் எந்த ஆலை என்று எழுதத் தொடங்கினார்கள். எழுதியதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல். ஊரைச் சுற்றி நடந்து பார்த்துவருவதும் உண்டு. பெரிய படிப்பு வேண்டாத வேலை இது. ஆனால் தூக்கத்தை விட்டு எழுந்து போய்க் காற்றின் திசையைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு நாள் எழுதிவிடலாம். நூறாவது நாளும் எழுதுகிறவரே கண்காணிப்பாளர்.

ஒரே வீட்டில் மகன் ஆலையில் கூலி, தாய் வாசலில் நின்று மூக்கைப் பொத்துகிறாள் என்ற நிலை இந்த ஊர்களில் புதிதன்று. ஆலையை எதிர்த்தால் வேலை போகும் என்ற அச்சத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது. "ஆலையை மூடு" என்று முழங்குவதைவிட "நேற்று இரவு இத்தனை மணிக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது" என்று எழுதி வைப்பது அந்த வீட்டிலும் செய்யக் கூடியது. உண்மையைச் சொல்வதற்கு யாரையும் பகைக்க வேண்டியதில்லை. மீனவர், உழவர், கூலிக்காரர் என்று பல சமுதாயத்தார் வாழும் ஊர்கள் அவை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே எத்தனை கோடு போட்டிருந்தாலும் காற்று அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே நீரை இறைக்க வைத்தவரின் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூக்குக்கு அடுத்தது வாளி. இதன் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1995இல் கலிபோர்னியாவில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அருகே வாழ்ந்த மக்கள் புகையால் நோயுற்றபோது, அவர்களுக்காக வாதாடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், சாமானியர்களே காற்றைப் பிடித்துச் சோதிக்க மலிவான கருவி ஒன்றைச் செய்வித்தார். மூடியோடு கூடிய பிளாஸ்டிக் வாளி. அதற்குள் வாயுவோடு எளிதில் கலக்காத ஒருவகைப் பை. பையின் வாய் மூடியில் உள்ள குழாய் வழியாக வெளியே நீண்டிருக்கும். சிறு பம்பை வைத்து வாளிக்குள் பையைச் சுற்றியுள்ள காற்றை உறிஞ்சினால், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பை தானாக விரியும். வெளிக்காற்று பைக்குள் புகும். நெஞ்சுக்கூடு விரியும்போது நுரையீரலில் காற்று நிறைவதும் இப்படித்தான். சில நிமிட வேலை. பிறகு பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். லூசியானா மாநிலத்தில் நார்கோ என்ற ஊரில் ஷெல் ஆலையின் வேலியோரம் வாழ்ந்த கறுப்பின மக்கள், மார்ஜி ரிச்சர்ட் என்ற பள்ளி ஆசிரியை முன்நிற்க, இதே வாளியைக் கையில் எடுத்தார்கள். 2002இல் அந்த நிறுவனம் அவர்களுக்கு வேறிடம் போகப் பணம் தர இசைந்தது.

அந்த வாளி கடலூருக்கு வந்தது. நாற்றம் வரும் நேரம் பார்த்து ஊர்க்காரர்கள் காற்றைப் பிடித்தார்கள். பைகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 2004 செப்டம்பரில் வெளியான அறிக்கையில், அந்த ஊர்களின் காற்றில் 22 நச்சு இரசாயனங்கள் இருந்தன என்றும் அவற்றுள் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்றும் இருந்தது. அதுவரை நம் நாட்டில் காற்றுச் சோதனை என்றால் பெரும்பாலும் தூசி, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள்தாம். ஊர்க்காரர்களின் மூக்கு சொன்ன பொருள்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் இல்லை என்று சொல்லப்பட்டது.

சில பைகளை வைத்து ஆண்டு முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது என்று எதிர்வாதம் வரும். அதில் நியாயமும் உண்டு. ஒரு பை சில நிமிடங்களின் சாட்சி மட்டுமே. நோட்டில் எழுதிய நாள்களும் பையில் பிடித்த நிமிடங்களும் சேரும்போதுதான் சாட்சி முழுமை பெறுகிறது. நாற்றம் எப்போது வரும், எங்கே வரும் என்று நோட்டு தெரிவித்ததால்தான் வாளியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. வாளியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. நோட்டைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. நோட்டே பெரியது.

அபாயக் கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த குழு கடலூருக்கு வந்து பார்த்தது. ஊர் மக்களும் இடம்பெறும் பகுதிச் சுற்றுச்சூழல் குழு ஒன்றும் அமைந்தது. நாக்பூரில் உள்ள நீரி என்ற மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்து, அந்தக் காற்றைச் சுவாசித்து வாழ்வோருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மற்ற இடங்களில் உள்ளவர்களைவிட 2000 மடங்கு வரை கூடுதல் என்று 2007இல் தெரிவித்தது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் உள்ள தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு கணக்கிட்டபோது கடலூருக்கு நூற்றுக்கு 77.45 வந்தது, மிக மோசமான பகுதிகளுள் ஒன்றாக அது சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய தேசியக் காற்றுத் தர அளவுகளில் பென்சீன் என்ற நச்சுப்பொருளும் இடம்பெற்றது. எல்லாம் இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே நடந்தது என்று சொன்னால் மிகையாகும். பலர் பல இடங்களில் உழைத்தார்கள். ஆயினும் "ஆதாரம் என்ன?" என்ற கேள்வியைக் கடலூரில் மறுபக்கம் திருப்பியவர்கள் இவர்களே.

வென்றுவிட்டார்களா என்றால் இல்லை. சில ஆலைகள் தங்கள் குழாய்களையும் புகைபோக்கிகளையும் திருத்திக்கொண்டன. நாற்றம் முன்னைப்போல் இல்லை என்றவர்கள் உண்டு. 2021 மே மாதம் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 4 பேர் இறந்தனர். 2025 மே மாதம் குடிகாட்டில் சாயக்கழிவுத் தொட்டி வெடித்துக் கழிவுநீர் வீடுகளுக்குள் புகுந்தது. கலி ஒரு நாளில் அழிவதில்லை என்று ஏடு வாசிக்கக் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இராது. இருபது ஆண்டுகளுக்கு முன் நோட்டு எழுதத் தொடங்கியவர்களின் பிள்ளைகளுக்கும் எழுத வேலை இருக்கிறது.

நம் பதிகளும் தாங்கல்களும் பல, கடற்கரையிலும் குளக்கரையிலும் கிணற்றடியிலும் இருப்பவை. குளத்து நீரின் நிறம் மாறுவது, இரவில் குப்பை எரியும் புகை வருவது, கிணறு உப்பாவது ஆகியவற்றை எல்லாரும் கவனிக்கிறார்கள்; யாரும் எழுதுவதில்லை. தாங்கல் என்பது வழிபடும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடமாகவும், ஊர் கூடிப் பேசிய இடமாகவும் இருந்தது. ஞாயிறு பணிவிடைக்கு வரும் பிள்ளைகளில் இருவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுக்கலாம். தேதி, மணி, இடம், காற்றின் திசை, கண்டது, முகர்ந்தது, உடம்புக்கு வந்தது என்று கோடு போட்டுக்கொள்ளச் சொல்லலாம். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. தான் கண்டதை மட்டும் எழுத வேண்டும். ஒன்றும் இல்லாத நாளில் "இன்று ஒன்றும் இல்லை" என்றும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வரி இருந்தால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள். நோட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல், பென்சிலை நூலில் கட்டி, எழுதத் தெரிந்த எவரும் எடுக்கும்படி திண்ணையில் வைத்திருக்க வேண்டும்.