அரசாங்க அதிபருக்கு ஜப்பானிய மொழியில் என்ன பெயர்?

கேள்வி: ஜப்பானில் படிக்கப் போகும் மகளின் பத்திரங்களில் அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர், கிராம அலுவலர் என்று பதவிகள் வருகின்றன. அவற்றை ஜப்பானிய மொழியில் எப்படி எழுதுவது?
- வாசகி, சாவகச்சேரி

பதில்: அந்நாட்டுப் பதவி ஒன்றைத் தேடிப் பொருத்தப் போகாதீர்கள். அரசாங்க அதிபரை 'சிஜி' (மாகாணத் தலைவர்) என்று எழுதத் தோன்றும். ஜப்பானின் 47 மாகாணங்களிலும் சிஜியை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். எங்கள் அரசாங்க அதிபரோ கொழும்பு நியமிக்கும் அதிகாரி. மாவட்டச் செயலாளர் என்பதும் அவரைத்தான்.

கிராம அலுவலரை 'சொன்ச்சோ' என்பது இன்னும் பிழை. சொன்ச்சோ தேர்தலில் வென்ற கிராமத் தலைவர். எங்களவர், 1963இல் விதானைமார் (பழைய ஊர்த் தலைமைக்காரர்) முறை ஒழிக்கப்பட்ட பிறகு வந்த அரச ஊழியர். ஊரில் இன்றும் விதானையார் என்று கூப்பிடுவோர் இருக்கிறார்கள்.

யாழ் மாவட்டத்தில் அரசாங்க அதிபரின் கீழ் 15 பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகள். யாருக்குக் கீழே யார் என்பது வாசிப்பவருக்கு விளங்க வேண்டும். ஆகவே பதவிப்பெயரைக் கதகானா எழுத்தில் ஒலிப்படி எழுதி, பக்கத்தில் 'மாவட்டத் தலைமை நிர்வாகி, அரச நியமனம்' என்பதுபோல ஒரு வரி விளக்கம் சேருங்கள். ஒரு பதவிக்கு எல்லாப் பத்திரங்களிலும் ஒரே பெயரே இருக்கட்டும்.