வீட்டு உடற்பயிற்சி அறை: தளமும் உபகரணமும் தெரிவுசெய்தல்

க.பொ.த. (சா/த) – சுகாதாரமும் உடற்கல்வியும்



"வீட்டில் உடற்பயிற்சிக்கென ஓர் அறையை ஒழுங்குசெய்யும்போது கவனிக்க வேண்டியவற்றை விளக்குக" என்று வகுப்பில் வினாக் கொடுத்தால், உங்களிற் பலர் றெட்மில், டம்பெல், வாங்கு, நிலைச் சைக்கிள் என்று ஒரு கடைப் பட்டியலை எழுதித் தருகிறீர்கள். தளத்தைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. பட்டியல் பிழையன்று. ஆனால் "விளக்குக" என்ற சொல்லுக்கு அது விடையாகாது. உண்மையாகவே வீட்டில் இப்படியோர் அறை அமைக்கப்போகும் குடும்பத்துக்கும் அது உதவாது. வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டு, இன்று துணி காயப்போடும் கம்பியாக நிற்கும் றெட்மில்களை நான் சில வீடுகளிற் கண்டிருக்கிறேன்.

முதலில் நோக்கம், அடுத்துத் தளம், கடைசியாக உபகரணம். இந்த ஒழுங்கிலேயே பாடத்தைப் பார்ப்போம்.

நோக்கம்

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயது வரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது நடுத்தரம் முதல் கடினம் வரையான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும். அத்துடன் தசைகளையும் என்புகளையும் வலுப்படுத்தும் செயற்பாடுகள் வாரத்தில் 3 நாட்களாவது அமைய வேண்டும். பாடசாலை முடிந்து ரியூசன், ரியூசன் முடிந்து வீட்டுப்பாடம் என்று கதிரையிலேயே இருக்கும் உங்களுக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? பின்னேரம் மைதானத்துக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லும் மாணவிகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு அறைதான் மைதானம். ஆகவே இதை வசதியுள்ளவர்களின் விடயம் என்று தள்ளிவிட வேண்டாம்.

சுகாதாரத்துடன் தொடர்புடைய உடற்றகைமைக் காரணிகள் ஐந்து: இதயச் சுவாசத் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழும் தன்மை, உடற் கட்டமைப்பு. எந்த உபகரணத்தின் பெயரை எழுதினாலும், அது இவற்றுள் எதை வளர்க்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கயிறடித்தலும் நிலைச் சைக்கிளும் இதயச் சுவாசத் தாங்குதிறனுக்கு உரியவை. பாரமான டம்பெல்லைச் சில தடவைகள் உயர்த்துவது வலிமைக்கு. இலேசானதைப் பல தடவைகள் உயர்த்துவது தாங்குதிறனுக்கு. நெகிழும் தன்மைக்கு ஒரு பாய் போதும். உடற் கட்டமைப்புக்கென்று தனியான உபகரணம் கிடையாது. அதில் உணவுக்கும் பெரும் பங்குண்டு.

தளம்

நீளம் பாய்தலில் வீரர் விழும் குழியில் ஏன் மணல் நிரப்பப்படுகிறது? உயரம் பாய்தலில் ஏன் தடித்த மெத்தை போடப்படுகிறது? இவற்றுக்கான விடை உங்களுக்குத் தெரியும். உடல் நின்றுபோக எடுக்கும் தூரமும் நேரமும் கூடினால், உடலில் தாக்கும் விசை குறையும். வீட்டுத் தளத்துக்கும் இதுவே விதி.

ஒரு கணக்குச் செய்வோம். (நான் கலைப் பட்டதாரி. ஆகவே விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரிடம் காட்டித் திருத்திய பின்னரே இதைத் தருகிறேன்.) 5 கிலோகிராம் திணிவுள்ள டம்பெல் 1 மீற்றர் உயரத்திலிருந்து கை நழுவி விழுகிறது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், அதன் சக்தி 5 × 10 × 1 = 50 யூல். சீமெந்துத் தரையில் அது 1 மில்லிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். அப்போது சராசரி விசை 50 ÷ 0.001 = 50,000 நியூற்றன். அதே டம்பெல் றப்பர்த் தளத்தை 5 மில்லிமீற்றர் அமுக்கி நின்றால், விசை 50 ÷ 0.005 = 10,000 நியூற்றன். ஐந்திலொரு பங்கு! மாபிள் பதித்த தரை வெடிப்பதும் வெடிக்காததும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தரை வெடித்தால் பணம் போகும். கால் பழுதானால் என்னவாகும்? பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், விடுமுறைக்கு வந்தபோது வீட்டு விறாந்தையின் மாபிள் தரையில் ஒரு தும்புப் பாயைப் போட்டு, தினமும் அரை மணித்தியாலம் கயிறடித்தேன். செருப்புமில்லை, சப்பாத்துமில்லை. இரண்டாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி தொடங்கியது. வலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்தேன். ஒருநாள் வியர்வை சிந்திய தரையில் பாய் வழுக்க, கணுக்காலும் பிரண்டது. மூன்று கிழமை நொண்டினேன். மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது, தரையோடு பிடித்திருக்கவும் வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஆக, நல்ல தளத்துக்கு இரண்டு குணங்கள் முக்கியம்: அதிர்ச்சியைத் தாங்குவது, போதிய உராய்வு தருவது. இரண்டையும் ஒருங்கே தருவது றப்பர். உடலின் நிறையை மட்டும் பயன்படுத்தும் பயிற்சிக்கு 6 முதல் 8 மில்லிமீற்றர் தடிப்புப் போதும். டம்பெல் பாவிப்பதானால் 10 முதல் 12 மில்லிமீற்றர் வேண்டும். பாரத்தைக் கீழே போடும் பழக்கமுள்ளவர்களுக்கு அதற்கும் மேல் தேவை. பழைய ரயர்களை அரைத்துச் செய்யும் கறுப்புத் தகடுகள் மலிவானவை. ஆனால் தொடக்கத்தில் மணக்கும். யன்னல் இல்லாத அறைக்கு அவை ஆகா. (இலங்கையில் றப்பர் மரம் முதலில் நடப்பட்டது 1876 இல், கம்பஹா மாவட்டத்தின் ஹெனரத்கொட தாவரவியற் பூங்காவில். வரலாறு படிப்போர் இதையும் குறித்துக்கொள்ளலாம்.)

ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஸ்பொஞ்ச் தகடுகள் அழகானவை, பாரமும் குறைவு. நிலத்தில் படுத்தும் இருந்தும் செய்யும் பயிற்சிகளுக்கு அவை நல்லவை. ஆனால் கையில் பாரத்துடன் அவற்றின் மேல் நின்றால் பாதம் புதைந்து சமநிலை குலையும். கம்பளம் வியர்வையையும் தூசியையும் உறிஞ்சி வைத்திருக்கும். தொய்வு உள்ளவர்கள் வீட்டில் அதைத் தவிர்ப்பது நல்லது. முற்றத்து மண் தரை சமமாகவும் கல்லில்லாமலும் இருந்தால் கயிறடிக்க அதைவிட நல்ல தளம் தேடத் தேவையில்லை. மாரி காலத்தில் மட்டும் அது உதவாது.

அமுக்கத்தையும் மறக்கக் கூடாது. நிலைச் சைக்கிளின் திணிவு 30 கிலோகிராம், ஓட்டுபவரின் திணிவு 60 கிலோகிராம் என்றால், தரையில் தாக்கும் விசை 900 நியூற்றன். நான்கு கால்களும் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 20 சதுர சென்ரிமீற்றர் மட்டுமெனில், அமுக்கம் 900 ÷ 0.002 = 450,000 பஸ்கால். 1 மீற்றர் நீளமும் 0.45 மீற்றர் அகலமும் கொண்ட தடித்த ஒட்டுப்பலகையை அடியில் வைத்து, விசை பலகை முழுவதும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், அமுக்கம் 2,000 பஸ்காலாகிவிடும்.

உபகரணம்

இனித்தான் கடைக்குப் போகலாம். அதற்கு முன் அறையை அளந்துகொள்ளுங்கள். கயிறடிக்கக் கூரையில் மின்விசிறி இல்லாத இடம் வேண்டும். கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து மேலே இழுத்தால், கைபிடிகள் அக்குள் அளவுக்கு வர வேண்டும்; அதுவே உங்களுக்குரிய நீளம்.

டம்பெல் வாங்கும்போது நண்பன் தூக்கும் பாரத்தைப் பார்க்காதீர்கள். சரியான நிலையில் 10 முதல் 15 தடவைகள் உயர்த்தக்கூடியதாகவும், கடைசி இரண்டு தடவைகள் சற்றுக் கடினமாகவும் இருப்பதே உங்களுடைய பாரம். வாங்க வசதியில்லையா? 1.5 லீற்றர் போத்தலில் நீர் நிரப்பினால் 1.5 கிலோகிராம். உலர்ந்த மணல் நிரப்பினால் ஏறத்தாழ 2.4 கிலோகிராம். பாரம் தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். முறையான மேற்பார்வையுடன் அளவாகச் செய்யும் பயிற்சியால் அப்படி நேர்வதற்கு ஆதாரமில்லை. தெரியாமல் அளவுக்கு மிஞ்சித் தூக்குவதுதான் ஆபத்து. வளரும் வயதில் என்பின் நுனியிலுள்ள வளர்ச்சிப் பகுதி காயப்படலாம்.

றப்பர் இழுவைப் பட்டி மலிவானது, மேசை லாச்சியில் அடங்கும். வெயில் படும் யன்னலோரம் வைத்தால் வெடிப்பு விழும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டே பாவிக்க வேண்டும். றெட்மில்லைக் கடைசியாக யோசியுங்கள். விலை கூடியது, மின்சாரம் வேண்டும், ஓடும் பட்டியில் சிறுபிள்ளைகளின் விரல் அகப்பட்டால் தோல் உரிந்துவிடும். வீதியில் நடப்பதற்குக் காசு கேட்பாரில்லை.

மாதிரி வினா

10 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட, மாபிள் தரையுள்ள அறையொன்றில் 16 வயது மாணவி ஒருத்தி உடற்பயிற்சி செய்ய விரும்புகிறாள்.

(அ) இதயச் சுவாசத் தாங்குதிறன், தசைத் தாங்குதிறன் ஆகியவற்றை விருத்திசெய்யப் பொருத்தமான ஒவ்வோர் உபகரணத்தைக் காரணத்துடன் தருக.

(ஆ) அத்தரையில் அவள் நேரடியாகக் கயிறடித்தால் ஏற்படக்கூடிய இரு பாதிப்புகளைக் குறிப்பிடுக.

(இ) அவளுக்குப் பொருத்தமான தளவிரிப்பு ஒன்றைப் பெயரிட்டு, அதன் தடிப்பையும் தெரிவுசெய்தமைக்கான இரு காரணங்களையும் எழுதுக.

(இ) பகுதிக்கு "றப்பர், ஏனெனில் அது நல்லது" என்று எழுதிக்கொண்டு வராதீர்கள். விசை, உராய்வு ஆகிய இரு சொற்களும் விடையில் இருக்க வேண்டும். விடைகளை அடுத்த வகுப்புக்குக் கொப்பியில் எழுதி வருக.