மெக்சிகோவின் என்சிலாடா: சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளமும் சிவப்பு மிளகாய்ச் சாறும்



மிளகாயும் மக்காச்சோளமும் இன்று நம் வயல்களில் சாதாரணமாகக் காணப்படும் பயிர்கள். இரண்டுக்கும் தாயகம் மெக்சிகோ நாடு. அங்குள்ள பால்சாஸ் ஆற்றுப் படுகையில் தியோசின்ட் என்னும் காட்டுப் புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளம் உருவாக்கப்பட்டது. மிளகாயைப் போர்ச்சுக்கீசியர் தங்கள் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தனர். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் நம் முன்னோர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர்.

இவ்விரண்டும் அவற்றின் தாயகத்தில் ஒரே தட்டில் சேரும் உணவு என்சிலாடா ஆகும். மிளகாய் இடப்பட்டது என்பதே அச்சொல்லின் பொருள். மக்காச்சோள மாவினால் செய்த டோர்ட்டியா என்னும் மெல்லிய ரொட்டியை மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, உள்ளே வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுருட்டினால் என்சிலாடா தயார். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் இதன் வெற்றி அடுப்பங்கரைக்கு வருமுன்பே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. மிளகாய் எவ்வாறு காய்ந்தது, மக்காச்சோளம் எவ்வாறு வெந்தது என்பவையே முக்கியம்.

ஏன் சுண்ணாம்பு?

முதன்முறை இதைச் செய்து பார்த்தபோது, மக்காச்சோளத்தை மாவுமில்லில் உலர்வாக அரைத்து, நீர் விட்டுப் பிசைந்து ரொட்டி தட்டினேன். வட்டமாக வந்தது, ஆனால் சுருட்டியவுடன் ஓடு போல் உடைந்தது. நான்கு முறை முயன்றும் பயனில்லை. தவறு கைப்பக்குவத்தில் இல்லை என்பதை நூல்களைப் படித்த பிறகே உணர்ந்தேன். பஞ்சாபில் உலர் மாவினால் மக்காச்சோள ரொட்டி செய்கிறார்கள் அல்லவா எனக் கேட்கலாம். அது தடித்த ரொட்டி. பிய்த்து உண்ணலாம், சுருட்ட இயலாது.

மெக்சிகோ மக்கள் மணியைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவிய பிறகே அரைக்கிறார்கள். இவ்வாறு பக்குவப்படுத்திய மணிக்கு நிக்ஸ்டமால் என்று பெயர். சுண்ணாம்பு மணியின் தோலைக் கழற்றுகிறது. தோலிலும் செல் சுவர்களிலும் உள்ள பிசின் போன்ற பொருள்கள் கரைந்து மாவுக்கு ஒட்டும் தன்மையைத் தருகின்றன. ஆகவேதான் ரொட்டி உடையாமல் வளைகிறது.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் வைட்டமின் பெரும்பாலும் வேறு பொருள்களுடன் பிணைந்துள்ளதால் நம் உடல் அதை ஏற்பதில்லை. சுண்ணாம்பு அப்பிணைப்பை விடுவிக்கிறது. மக்காச்சோளம் கடல் கடந்தபோது விதை மட்டும் சென்றது. சுண்ணாம்பு முறை உடன் செல்லவில்லை. விளைவு, அதையே முழு உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெல்லாக்ரா நோய் பரவியது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கும் மனத்தடுமாற்றமும் ஏற்படும், முற்றினால் மரணம். ஸ்பெயின் நாட்டில் 1735இல் இந்நோய் விவரிக்கப்பட்டது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேரைப் பலிகொண்டது. நியாசின் குறைவே காரணம் என்பது 1937இல்தான் புலப்பட்டது. விதையை வாங்கிக்கொண்டு அதை உண்ணும் வழக்கத்தை விட்டுவிட்டதன் விலை இது.

மணியைப் பக்குவப்படுத்துதல்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு அரை கிலோ மக்காச்சோளம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், 5 கிராம் சுண்ணாம்பு போதும். அதாவது மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. வெற்றிலைக்குப் பயன்படும் சுத்தமான நீற்றிய சுண்ணாம்பையே எடுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையடிக்க வாங்கியது கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்குமாதலால் எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ ஏற்றது.

விதைக்கென வாங்கி மீந்த மக்காச்சோளத்தை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். அது மருந்து கலந்து விதை நேர்த்தி செய்யப்பட்டது. எத்தனை முறை கழுவினாலும் உணவாகாது.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, மணியைக் கொட்டி 40 நிமிடம் கொதிக்கவிடவும். நம் ஊர் வீரிய ஒட்டு ரக மணிகள் கெட்டியானவை; சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கலாம். ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக் கழன்று வர வேண்டும். நடுப்பகுதி சற்று விறைப்பாகவே இருக்கலாம். இறக்கி மூடி, இரவு முழுவதும் ஊறவிடவும். காலையில் மஞ்சள் நிறக் கழுநீரை வடித்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசவும். பிறகு மிகக் குறைந்த நீர் தெளித்துக் கெட்டியாக ஆட்டிக்கொள்ளலாம். கிரைண்டர் ஓடவில்லை என்று தண்ணீரை ஊற்றினால் இட்லி மாவுதான் கிடைக்கும். அம்மியில் அரைப்பது இன்னும் சிறப்பு. மெக்சிகோப் பெண்கள் பயன்படுத்திய மெட்டாட்டேயும் அம்மியின் உறவுதான், மூன்று கால்கள் உண்டு.

சிறு எலுமிச்சை அளவு உருண்டையை அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் கையில் நீர் தொட்டுப் பிசையவும். இரு பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்துத் தட்டால் அழுத்தி, சூடான தோசைக்கல்லில் இரு புறமும் திருப்பிப் போட்டு எடுத்துத் துணியில் மூடி வைக்கவும்.

சிவப்பு மிளகாய்ச் சாறு

நாம் மிளகாயைக் காரத்திற்காகச் சேர்க்கிறோம். மெக்சிகோவில் குழம்பின் உடலே மிளகாய்தான். அதற்கென குவாஹியோ, ஆஞ்சோ ஆகிய சதைப்பற்றும் நிறமும் மிகுந்த, காரம் குறைந்த வகைகளை வற்றலாக்கி வைக்கிறார்கள். நம் நாட்டில் இதற்கு நெருங்கி வருவது கர்நாடகத்தின் பேடகி மிளகாய். ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் காரத்திற்கு இரண்டு சேர்க்கலாம். முழுவதும் அதையே போட்டால் உண்பவர் கண்ணீர் விடுவார்.

75 கிராம் பேடகி மிளகாயைக் காம்பு நீக்கிப் பிளந்து, விதையையும் வெண்ணிறத் தண்டையும் எடுத்து விடவும். காரம் விதையில் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் அந்த வெண்தண்டில்தான் மிகுதி. தோசைக்கல்லில் அரை நிமிடம் மட்டும் புரட்டி எடுக்கவும். கருகினால் சாறு முழுவதும் கசந்துவிடும், எதைச் சேர்த்தாலும் மாறாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நான்கு பல் பூண்டு, பாதி வெங்காயம், அரைக் கரண்டி சீரகம், உப்பு சேர்த்து மைய அரைக்கவும். வடிகட்டித் தோலை நீக்கிவிட்டு, இரண்டு கரண்டி எண்ணெயில் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் பச்சை வாடை போய், கரண்டியின் பின்புறம் படியும் பதத்திற்கு வரும்.

பூஞ்சாணம் பற்றி ஓர் எச்சரிக்கை

இங்கு எடுத்துக்கொள்ளும் மிளகாயின் அளவு நம் குழம்பைப் போல் பல மடங்கு. எனவே வற்றலில் குறை இருந்தால் அதுவும் பல மடங்காக உள்ளே செல்லும். ஈரம் மிகுந்த வற்றலிலும் மக்காச்சோளத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சாணம் வளர்ந்து அப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் 1974இல் மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட பழங்குடி மக்களில் 397 பேர் கல்லீரல் நோயுற்றனர். 106 பேர் மாண்டனர். சாதாரணச் சமையல் சூட்டில் இந்நஞ்சு அழிவதில்லை. சுண்ணாம்பு ஓரளவு குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆகவே கறுத்த, பச்சை படிந்த மணிகளையும், உள்ளே சாம்பல் நிறப் பொடி கொண்ட மிளகாயையும் மாட்டுக்கோ கோழிக்கோ கூடப் போடாமல் ஒழித்துவிட வேண்டும். மாடு தின்றால் பாலில் வரும்.

மிளகாய்ப் பழத்தை மண் தரையில் கொட்டாமல் தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ மெல்லிதாகப் பரப்பி, மாலையில் பனி படாமல் மூடி, ஈரம் 10 சதவீத அளவுக்கு வரும்வரை காயவிட வேண்டும். குலுக்கினால் விதை சலசலக்கும். விற்பனைக்குத் தண்ணீர் தெளித்து எடை ஏற்றும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. நஞ்சுக்கு நாமே கதவைத் திறந்துவிடும் செயல் அது. மக்காச்சோளத்தைச் சேமிக்க 12 சதவீத ஈரம் போதுமானது.

சுருட்டிப் பரிமாறுதல்

வாணலியில் சிறிது எண்ணெய் காய்ந்ததும் ரொட்டியைச் சில விநாடிகள் போட்டு எடுக்கவும். எண்ணெய் பட்ட ரொட்டி சாற்றில் ஊறிக் கரையாது. உடனே சூடான சாற்றில் இரு புறமும் தோய்த்து, உதிர்த்த பனீரும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் வைத்துச் சுருட்டவும். விரும்புவோர் வெந்து பிய்த்த கோழிக்கறி வைக்கலாம். மேலே இரண்டு கரண்டி சாறு ஊற்றி, மீதிப் பனீரைத் தூவவும். வட அமெரிக்காவில் பாலாடைக்கட்டியை நிறையப் போட்டு அடுப்புக்குள் வைத்துச் சுடுகிறார்கள். மிளகாயின் சுவை அதில் அமுங்கிப்போவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

செய்தவுடன் உண்ண வேண்டும். அரை மணி நேரம் வைத்தால் குழைந்துவிடும். வேலைக்குச் சென்றவர் வரத் தாமதமானால் ரொட்டியையும் சாற்றையும் தனித்தனியே வைத்திருந்து, வந்த பின் தோய்த்துக் கொடுக்கலாம். மீந்த சாறு குளிர்பதனப் பெட்டியில் நான்கைந்து நாள் இருக்கும்.