பலூன் மேல் பழி போடாதீர்கள்

"இந்தக் கம்பெனி பலூன் மட்டம் சார். போட்டு வருஷம்கூட ஆகலை, மறுபடி வெடிச்சிடுச்சு. வேற நல்ல கம்பெனியா சொல்லுங்க."

சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்த லாரிப் பட்டறைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. ஓனர் சொல்கிறார், டிரைவர் தலையாட்டுகிறார், மெக்கானிக்கும் ஆமாம் போடுகிறார். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே ஆக்ஸிலில், ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து இரண்டு ஏர் சஸ்பென்ஷன் பலூன் (ஏர் பெல்லோ) கிழிந்த பிறகும் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பது காசைக் கரியாக்கும் வேலை. கிழித்தது வேறொன்று. அது இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. மூன்றாவதையும் கிழிக்கும்.

பலூன் என்பது நூலிழை பொதிந்த ரப்பர் உறை. மேல் தகடு சேசிஸில், கீழே பிஸ்டன் ஆக்ஸில் பக்கம். எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது மட்டும்தான் ரப்பரின் வேலை. தொங்கும் ஆக்ஸிலைத் தாங்கிப் பிடிக்க ரப்பரைச் செய்யவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஆக்ஸிலை ஓர் அளவுக்கு மேல் கீழே போகவிடாமல் நிறுத்துவது, பெரும்பாலான ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் ஷாக் அப்சார்பர்தான். அது ஆயில் கசிந்து செத்துக் கிடந்தாலோ, அதன் போல்ட் பிய்ந்து ஆடினாலோ, பள்ளத்துக்குப் பள்ளம் பலூன்தான் இழுபடும். புதுப் பலூனாக இருந்தாலும் எத்தனை நாள் தாங்கும்? பலூனுக்குக் காசு கொடுக்க யோசிக்காத ஓனர், ஷாக் அப்சார்பர் என்றதும் "அது அடுத்த டிரிப்புக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார். அந்த அடுத்த டிரிப் வருவதே இல்லை.

கழற்றிய பழைய பலூனை உடனே பழைய இரும்புக் குவியலில் எறியாதீர்கள். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். மேல் தகடு வெளிப்பக்கமாக உப்பி, ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தால் அது அளவுக்கு மீறி இழுபட்ட பலூன். ஷாக் அப்சார்பரையும், உயரத்தைக் காக்கும் லெவலிங் வால்வையும் பாருங்கள். தகடு உள்பக்கமாகக் குழிந்திருந்தால் அடிக்கடி அடிவரை நசுங்கியிருக்கிறது. ஓவர்லோடு, காற்று போதாத குறை, அல்லது வால்வில் உயரம் குறைவாக வைத்த தவறு. பக்கவாட்டில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, உள்ளே நூல் தெரிய ஓட்டை விழுந்திருந்தால் பிரேக் ஹோஸோ, கிளாம்போ, டயரோ உரசியிருக்கிறது. ஆக்ஸில் புஷ் தேய்ந்து ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்தாலும் இந்த உரசல் வரும். இதைப் பார்க்க மெஷின் தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவு செய்யாமல் கம்பெனி பெயரைக் கெடுப்பது என்ன நியாயம்?

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கை: "வால்வு ராடைத் திருகி பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் லோடு கூடுதலாக ஏற்றலாம்." கூடாது. 25 செ.மீ. விட்டத்துக்கு வேலை செய்யும் பலூனின் பரப்பு ஏறக்குறைய 490 சதுர செ.மீ. 5 பார் அழுத்தத்தில் அது தாங்குவது சுமார் இரண்டரை டன். உள்ளே எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை முடிவு செய்வது மேலே ஏறிய எடை. லெவலிங் வால்வு காப்பது உயரத்தை. ராடைத் திருகினால் உயரம்தான் கூடும், தாங்கும் சக்தி கூடாது. பலூன் எப்போதும் நீண்டபடியே நிற்கும். பள்ளம் வரும்போது மேற்கொண்டு நீள இடமிருக்காது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி ஜாயிண்டும் அடி வாங்கும். 2018 ஜூலையில் மத்திய அரசு நாலு டயர் ஒற்றை ஆக்ஸிலுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்திவிட்டது. அதற்கும் மேல் ஏற்றிவிட்டுப் பலூனைக் குறை சொல்ல வேண்டாம். உயரத்தை வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டேப் வைத்து அளந்து வையுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

டியூபுக்கு ஒட்டுகிற மாதிரி பலூனுக்கும் பஞ்சர் ஒட்டலாமா? கூடாது. நூலிழை அறுந்த இடத்தில் ஒட்டு நிற்காது.

ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. கமான் பட்டை மாதிரி பலூன் வயதாகித் தொய்வதில்லை. உயரத்தை வால்வு பார்த்துக்கொள்கிறது. பக்கத்துப் பலூனில் நூல் தெரிகிறதா, சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் பட்டைக்கு அடிக்கிற பழைய ஆயிலையும் டீசலையும் பலூனுக்கும் சேர்த்து அடிக்கிறார்கள், ரப்பர் மிருதுவாக இருக்குமாம். பெட்ரோலியப் பொருள் எதுவும் அந்த ரப்பருக்கு ஆகாது. சோப்பும் தண்ணீரும் போதும். பக்கத்தில் வெல்டிங் வைக்கும்போது ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள்.

"நம்ம ரோட்டுக்கு ஏர் சஸ்பென்ஷன் ஆகாது" என்பதும் வெறும் பேச்சு. அமெரிக்காவில் கிரேஹவுண்ட் பேருந்துகள் 1954லேயே இதில் ஓடின. நம் ஊர் ஆம்னி பஸ்களும் இரவெல்லாம் இதே ரோட்டில்தான் ஓடுகின்றன. ஏர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட்டு, ஏர் டிரையரையும் கவனித்தால் நன்றாகவே ஓடும்.

கடைசியாக ஒன்று. இதில் எனக்குக் கோபம் அதிகம். "ஜாக்கி போட்டாச்சு, உள்ளே போ" என்று பையனைச் சேசிஸுக்கு அடியில் அனுப்புகிறார்கள். அடியில் படுத்திருப்பவன் முழங்கை லெவலிங் வால்வின் கையில் பட்டு அது அசைந்தால், பலூனிலிருந்து காற்று வெளியேறி சேசிஸ் கீழே இறங்கலாம். ஜாக்கி வழுக்கினால் கேட்கவே வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சேசிஸை ஸ்டாண்டில் உட்கார வைத்து, பலூனில் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் எந்த நட்டையும் தொட வேண்டும். புதுப் பலூனை வண்டியில் மாட்டாமல் கீழே வைத்துக் காற்று அடித்துப் பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. அது பிய்ந்து பறக்கும். மாட்டியபின் மடிப்பு முறுக்காமல் பிஸ்டன் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்காமல் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள்.

பட்டறைக்கு வண்டியை விடும் ஓனர்களே, எந்தக் கம்பெனி பலூன் என்று கேட்கும் முன் சேசிஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேளுங்கள். காட்ட முடியாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.