கேம் விளையாட ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா?

பசறையிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறும் முன் இதைப் படியுங்கள். பொருந்தாததை வாங்கிவிட்டு மாற்ற மறுபடி போனால், பஸ் காசும் ஒரு நாள் பொழுதும் வீண்.

● காதை முழுதாக மூடும் வகையை எடுங்கள். லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது வெளிச்சத்தம் உள்ளே வந்தால், சத்தத்தைக் கூட்டத்தான் கை போகும்.

● வயர் உள்ளதே சிக்கனம். புளூடூத்தில் சத்தம் சற்றுப் பிந்தி வரும். எதிராளியின் காலடி கேட்குமுன் ஆள் வந்துவிடுவான்.

● முனையைப் பாருங்கள். 3.5 மி.மீ. பின்னில் 3 வளையம் இருந்தால் மைக்கும் அதிலேயே சேர்ந்திருக்கும். பழைய டெஸ்க்டாப்பில் மைக்குக்குத் தனித் துளை என்பதால், இரண்டாகப் பிரிக்கும் வயரும் தேவை. யூஎஸ்பி முனைக்கு அது வேண்டாம்.

● பெட்டியில் உள்ள ‘7.1’ (சுற்றொலி) என்ற எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10, 11இல் சுற்றொலி தரும் ‘விண்டோஸ் சோனிக்’ இலவசமாகவே இருக்கிறது.

● கடையிலேயே 10 நிமிடம் மாட்டிப் பாருங்கள். வயர் சேரும் இடத்தை மெல்ல அசையுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். மைக்கில் பேசிப் பதிந்து கேளுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

● வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்பதானால் பெரியவர்களுக்கு 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

ஹெட்செட் போனால் இன்னொன்று வாங்கலாம். கேட்கும் திறன் போனால் திரும்ப வராது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.